பச்சைப் பெட்டியும் நீல ஒயரும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், டிசம்பர் முதல் வாரம். கேரல் சீசன். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையன்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஒருவன் நான் செய்து வைத்திருந்த பச்சைப் பெட்டியில், அதாவது ஒரு கிட்டார் பெடலில், ஒயரைச் செருகி, ஸ்விட்சை மிதித்து, நாலு கார்டு வாசித்துப் பார்த்தான். பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. 2,200 ரூபாய் என்றேன். பேரம் பேசவில்லை. பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டே இழுத்தான்.

"அண்ணா, மேல டியூப் ஸ்க்ரீமர்னு எழுதித் தர முடியுங்களா? ஐபனெஸ் லோகோவோட. எங்க மாமா ஸ்டிக்கர் கடைதான் வெச்சிருக்காருங்க. டிசைன் நானே கொண்டாறேன்."

முடியாது என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகம் எனக்கே விசித்திரமாக இருந்தது. ஏனென்றால் பெட்டிக்குள் இருந்தது ஐபனெஸ் கம்பெனி விற்கிற டியூப் ஸ்க்ரீமர் பெடலின் சர்க்யூட்டேதான். மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற 51 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேலத்துக் கடைகளில் கிடைக்காததால் 47 போட்டிருந்தேன், மற்றபடி அச்சு அசல். உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், வெளியே இருக்கிற பெயரை மட்டும் தொடக்கூடாது என்று நான் எப்போது தீர்மானித்தேன்? பையன் 2,200-ஐக் கொடுத்துவிட்டுப் பெயரில்லாத பெட்டியோடு போய்விட்டான். கேள்வி மேஜையிலேயே கிடந்தது.

பெடல் என்றால் சைக்கிள் பெடல் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம். எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் சின்ன இரும்பு அல்லது அலுமினியப் பெட்டி அது. காலால் மிதித்தால் சத்தத்தின் குணம் மாறும். சிலது எதிரொலி கொடுக்கும், சிலது நாதத்தை அலை அலையாக ஆட்டும், சிலது கரகரக்க வைக்கும். டியூப் ஸ்க்ரீமர் கரகர ஜாதி, அதிலும் மிதமானது. 1970களின் கடைசியில் ஜப்பானில் வந்தது. வடிவமைத்தவர் சுசுமு தமுரா, தயாரித்தது நிஸ்ஷின் என்ற நிறுவனம், விற்றது ஐபனெஸ் பெயரில். யார் செய்தது, யார் பெயரில் போனது என்ற இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உள்ளே சிக்னலைப் பெரிதாக்குகிற ஜேஆர்சி4558 என்ற எட்டுக்கால் ஐசி சில்லு ஒன்று. அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டையோடுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். சிக்னல் பெரிதாகும்போது டையோடுகள் அதன் தலையையும் காலையும் மழுங்க வைக்கும், அதுதான் கரகரப்பு. பக்கத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் கோடு கிழிக்கின்றன. அதற்குக் கீழே போகப் போக ஆம்ப்ளிஃபிகேஷன் குறையும். பேஸும் டிரம்ஸும் போடுகிற சத்தத்துக்கு நடுவே கிட்டார் மட்டும் தனியாகக் காதுக்கு வந்து சேருவது அதனால்தான். சாதாரணப் பாகங்களை வைத்து இவ்வளவு சாமர்த்தியமா என்று முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்யாகவே கைதட்டத் தோன்றியது.

பாகங்களின் விலை? 4558 ஐசி ஒரு டீ, பன் விலைக்குள் வந்துவிடும். டையோடு சில்லறைக் காசு. காசு தின்பது அலுமினியப் பெட்டியும் ஒன்பது கால் ஃபுட் ஸ்விட்சும்தான். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ மொத்தமாக வாங்கி வந்தால், எனக்கு ஒரு பெடலுக்கு 900 ரூபாய் அடங்கும். அசல் புதிதாக வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல். செம்புத் தகட்டை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்க விட்டு, பாகங்களைப் பற்றவைக்கும் போர்டு செய்யக் கற்றுக்கொண்டதில் அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று பொத்தலாகிப் போனது. அது சேலத்தில் கிட்டார் வளர நான் கொடுத்த முதல் காணிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தேடினேன். தப்பு செய்கிறவன் எல்லாரும் முதலில் அதைத்தான் தேடுவான். ஒரு மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால்தான் தடை. அதுவும் இப்போது இந்தியாவில் 20 வருடம். டியூப் ஸ்க்ரீமரின் வயதுக்கு அந்தக் கதையெல்லாம் முடிந்துபோயிற்று. பதிப்புரிமை என்று பார்த்தால், வரைந்த படத்துக்கும் போர்டில் செம்புக் கோடுகள் ஓடும் விதத்துக்கும் பேசலாம். எந்தப் பாகத்திலிருந்து எந்தப் பாகத்துக்கு மின்சாரம் போகிறது என்பதற்குப் பேச முடியாது. பெயரும் லோகோவும் வர்த்தகமுத்திரை, அதை மட்டும் புதுப்பித்துக்கொண்டே போகலாம், சாவே இல்லை. ஆக அஸ்தம்பட்டிப் பையனுக்கு நான் யோசிக்காமல் சொன்ன பதில் சட்டப்படி சரிதான். ஆனால் நான் சட்டப் புத்தகத்தைப் பார்த்தா சொன்னேன்?

சரித்திரத்தைப் புரட்டினால் இந்தத் தொழிலே காப்பியில்தான் பிறந்திருக்கிறது. 1960-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டுப் பதிவின்போது மிக்சர் மெஷினில் ஒரு சேனல் பழுதாகி, பேஸ் கிட்டார் சத்தம் கிழிந்து வந்தது. அதைக் குப்பை என்று ஒதுக்காமல், ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவரோடு சேர்ந்து அதே கிழிசலை வேண்டும்போது வரவழைக்கும் சர்க்யூட் செய்தார். கிப்சன் நிறுவனம் அதை 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. 1965-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதே 1965-ல் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் என்பவர் அந்த ஃபஸ்-டோனை அடிப்படையாக வைத்து டோன் பெண்டர் என்ற பெடலைச் செய்தார். மறு வருடமே வட்டப் பெட்டியில் ஃபஸ் ஃபேஸ் வந்தது. இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருக இரண்டு குமிழ், மொத்தமே பதினொன்று. அப்புறம் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ், டிஓடி 250 என்று இரண்டு வேறு கம்பெனிகளின் பெடல்களைத் திறந்து பக்கத்தில் வைத்தால் கூடப் பிறந்தவர்கள் போல இருக்கும். முதல் பெடலே ஒரு பழுதான மெஷினைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே என்று நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் ஜெயித்த மாதிரி நினைத்துக்கொள்வேன்.

இதில் எதிர்ப்பக்கத்து ஆள் என்றால் பில் ஃபின்னகன். 1994-ல் க்ளான் சென்டார் என்ற பெடலை விற்க ஆரம்பித்து, பெரும்பாலும் தன் கையாலேயே ஏறத்தாழ 8,000 செய்தார். யாரும் திறந்து பார்த்துவிடக்கூடாது என்று போர்டு முழுக்கக் கறுப்பு எப்பாக்சிப் பிசினை ஊற்றி மூடினார். ஆட்கள் விடுவார்களா? சுரண்டி, கரைத்து, அளந்து, கடைசியில் படம் போட்டுவிட்டார்கள். இன்று க்ளான் காப்பி இல்லாத ஊரே இல்லை. அவரே பிறகு செய்த சின்ன பெடலின் மேல், இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு நான் பொறுப்பில்லை என்கிற அர்த்தத்தில் ஒரு வரி அச்சடித்தார். 2024-ல் பெஹ்ரிங்கர் நிறுவனம் க்ளான் மேல் இருந்த அதே குதிரை மனிதன் உருவத்தோடும் சென்டார் என்ற பெயரோடும் ஒன்றைக் கொண்டுவந்தபோது அவர் வழக்குப் போட்டார். வழக்கின் மையம் பெயரும் தோற்றமும்தான். பாஸ் என்ற பெயரில் பெடல்கள் செய்யும் ரோலண்ட் நிறுவனம் 2005-ல் இதே பெஹ்ரிங்கர் மேல் தொடுத்த வழக்கும் பெட்டியின் தோற்றத்தைப் பற்றித்தான். பெரிய கம்பெனிகளும் அஸ்தம்பட்டிப் பையனின் ஸ்டிக்கரில் வந்துதான் நிற்கின்றன.

இது ஏன் என்று எனக்கு விளங்கவைத்தது அப்பா. அவருக்கு கிட்டாரும் தெரியாது, டையோடும் தெரியாது. செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை. அவரும் பற்றவைக்கிறவர், நானும் பற்றவைக்கிறவன். அவர் பொடி வைத்து ஊதுவார், நான் ஈயத்தை உருக்குவேன், அவ்வளவுதான் வித்தியாசம். சேலத்துக் கொலுசில் ஒரு மாடல் ஓடுகிறது என்றால் அடுத்த வாரம் பத்துப் பட்டறையில் அதே மாடல் இருக்கும். முதலில் போட்டவர் இரண்டு நாள் திட்டிவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார். தட்டுவடை செட்டை முதலில் விற்ற கடை எது என்று யாராவது கேட்கிறார்களா என்ன? எந்தக் கடையில் பீட்ரூட் துருவல் தாராளமாக வைக்கிறான் என்றுதான் பேச்சு.

ஸ்டிக்கர் கதையைச் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாடல் எடுக்கறது வேற, சீல் அடிக்கறது வேற" என்றார்.

"நம்ம பட்டறைக் கொலுசுல கடைக்காரங்க சீல்தானேப்பா அடிக்கறீங்க? செஞ்சது நீங்க, பேரு அவங்களுது."

"அந்தச் சீல் கட்டை அவங்க குடுத்தனுப்பறது. வேலை முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்குவாங்க. வெள்ளி இத்தனை டச் சுத்தம்னு அவங்க வாக்குக் குடுக்கறாங்க, அந்த டச்சு வெள்ளியில நான் செஞ்சு குடுக்கறேன். நாளைக்கு ஒருத்தன் கொலுசு கறுத்துப் போச்சுன்னு போய் நின்னா, பதில் சொல்றது அவங்க. நானே ஒரு சீல் வெட்டி வெச்சுக்கிட்டு அடிச்சேன்னா யாரு பதில் சொல்றது?"

நிஸ்ஷின் செய்து ஐபனெஸ் விற்றதும் இதுதான். சீல் கட்டையைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பையன் கேட்டது ஏமாற்றக்கூட இல்லை, மேடையில் தரையில் கிடக்கும்போது அழகாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் பெடல் ஒருவர் கையில் நிற்கிற பொருள் கிடையாது. ஒரு வருடத்தில் சலித்து, போனில் படம் பிடித்து விற்றுவிடுவார்கள். மூன்றாவது ஆள் அதை அசல் என்று 7,000 கொடுத்து வாங்குவான். அவன் வயிற்றெரிச்சலில் என் 47 கிலோ ஓமுக்கும் பங்கு உண்டு.

சரி, பெயரை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் சுத்தம் என்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். அதற்குப் பிறகு செய்த காரியத்தைத்தான் இந்தப் பதிவில் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு விடுதியில் சாயங்காலம் வாசிக்கிற நண்பர் ஒருவர் பெடல் ரிப்பேருக்குக் கொடுத்தார். மலை ஈரத்தில் ஜாக் எல்லாம் பச்சை பூத்திருந்தது, சத்தம் விட்டு விட்டு வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்து திறந்தால், தென்னிந்தியாவில் வேறொரு ஊரில் ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்கிற பெடல். பெட்டியின் உட்புறத்தில் பேனாவால் தேதி, கையெழுத்து. எந்த ஐசி என்று யாருக்கும் தெரியாமலிருக்க, அதன் மேல் இருந்த எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தார். ஜாக்கை மாற்ற அரை மணி நேரம் போதும். நான் மூன்று ராத்திரி வைத்திருந்தேன். மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் தொட்டு நோட்டில் வரைந்தேன். அடிப்படை 1990களின் தொடக்கத்தில் வந்த மார்ஷல் புளூஸ்பிரேக்கர் பெடல்தான். ஆனால் டோன் குமிழ் பகுதி நான் எங்கேயும் பார்க்காதது. நடுவில் வைத்தால் ஒன்றுமே செய்யாமல் இருக்கும், இடது பக்கம் போனால் கம்பளி போர்த்தியது போல, வலது பக்கம் போனால் பல் விளக்கியது போல. அவ்வளவு அழகான வேலை.

ஆறு செய்தேன். அவர் விலையில் பாதிக்கு நாலு விற்றேன். அவர் பெயரைப் போடவில்லை, எந்தப் பெயரையும் போடவில்லை. என் கணக்குப்படி சுத்தம்.

இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். வாங்கியவர்களில் யாரோ உள்ளே படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"தம்பி, டோன் பக்கத்துல ஒரு 3.3 கிலோ ரெசிஸ்டர் இருக்கே, அது எதுக்குன்னு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. இருந்தது, வைத்தேன்.

"எனக்குக் கிடைக்கிற குமிழ் எல்லாம் இருபது சதவீதம் ஏறுக்குமாறா இருக்கும். அதனால நடு, நடுவா வராது. ஒவ்வொரு பெட்டியிலயும் அளந்து பாத்துதான் அந்த ரெசிஸ்டரை போடறேன். நீங்க திறந்த பெட்டிக்கு 3.3. எல்லாத்துக்கும் அது இல்ல. உங்க நாலுலயும் நடு கோணலாத்தான் இருக்கும்."

இருந்தது. அது நம் குமிழின் குணம் என்று நினைத்து விட்டிருந்தேன்.

எனக்கும் ரோஷம் வந்து, நீங்களும் மார்ஷலிலிருந்து எடுத்ததுதானே என்றேன். ஆமா, வாங்குற ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற தாள்ல அதை எழுதியிருக்கேன் என்றார். பிறகு ஏன் ஐசியைத் தேய்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மாசத்துக்கு பன்னெண்டு பெட்டி விக்கறேன் தம்பி. வீட்டு வாடகை அதுலதான்" என்றார். ஐசியைத் தேய்ப்பது எனக்கு இன்றும் பிடிக்காது. ஏற்காட்டில் ஒரு பெடல் நின்றுபோனால் செய்தவரிடமே அனுப்பு என்றால் எப்படி? ரிப்பேர் செய்கிறவன் கையைக் கட்டிப்போடுகிற வேலை அது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் பூட்டியதே என்னைப் போல ஒருவன் வருவான் என்றுதான்.

தமுராவின் சர்க்யூட்டை நான் காப்பியடித்ததால் ஐபனெஸ் ஒரு வேளை காபிகூட இழக்கவில்லை. அந்தப் பையன் பத்தாயிரம் கொடுத்து அசல் வாங்கப் போவதும் கிடையாது. "வசதியில்லாத பசங்களுக்காகச் செய்கிறேன்" என்று நான் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, பெட்டிக்கு 1,300 ரூபாய் லாபம். ஆனால் மாதம் பன்னிரண்டு விற்கிற ஒருவரிடமிருந்து நாலு என்பது வேறு. என்னிடம் வாங்கிய நாலு பேருமே அவரிடம் வாங்க யோசித்துக்கொண்டிருந்தவர்கள். விசாரித்தபோது இரண்டு பேர் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

பணம் அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். "வாங்கின நாலு பேருக்கும் போன் பண்ணி, இது யாரு டிசைன்னு சொல்லிடுங்க. போதும்." பணமே அனுப்பியிருக்கலாம், சுலபமாக இருந்திருக்கும். மூன்று பேரிடம் சொன்னேன். ஒருவர் "அதனாலென்ன ப்ரோ" என்றார், ஒருவர் சிரித்தார், ஒருவர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். நாலாவது ஆள் எண் மாற்றிவிட்டார். விற்காத இரண்டையும், திரும்பி வந்த ஒன்றையும் பிரித்துப் பாகங்களை டப்பாவில் போட்டேன். டியூப் ஸ்க்ரீமர் இன்றும் செய்கிறேன். இது எதைப் பார்த்துச் செய்தது, எதை மாற்றியிருக்கிறேன் என்று உள்மூடியில் ஒரு தாள் ஒட்டுகிறேன். திறந்து படித்தவர்கள் இதுவரை இரண்டு பேர்.

போன மாதம் கேரல் சீசனுக்கு முன்னாலேயே அம்மாபேட்டைப் பையன் ஒருவன் ரிப்பேருக்கு ஒரு பெடல் கொண்டுவந்தான். ஈரோட்டில் யாரோ செய்து விற்றதாம், 1,600 ரூபாய். பச்சை நிறம். மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரு நீல ஒயர்.

அந்த ஒயரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அரித்த முதல் போர்டில் ஒரு செம்புக் கோடு அறுந்துபோயிற்று. அதை ஒரு நீல ஒயர் வைத்துச் சேர்த்தேன். அடுத்தடுத்த போர்டுகளில் கோடு நன்றாகவே வந்தது, ஆனாலும் முதல் பெட்டி ராசியாக ஓடியதால் ஒயரையும் வைத்துக்கொண்டே வந்தேன். பிள்ளையார் சுழி மாதிரி. அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஈரோட்டுப் பெட்டியில் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, அதே நீல நிறத்தில், அதே போல லேசாக வளைந்து கிடந்தது. ரெசிஸ்டரைப் பார்த்தேன். 47 கிலோ.

முதலில் சிரித்தேன். பிறகு ஒரு பத்து நிமிஷம் நல்ல கோபம் வந்தது. அந்த போர்டில் கோடுகளை இழுக்க நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்தேன் என்று இவனுக்குத் தெரியுமா என்றெல்லாம். உள்மூடியில் தாள் எதுவும் இல்லை. பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்பப் போயிடுச்சுங்களாண்ணா?" என்றான். இல்லை, ஸ்விட்சில் ஒரு பற்று விட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று சரிசெய்து கொடுத்தேன்.

ஈரோட்டுக்காரர் எண் பையனிடம் இருந்தது, வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திட்டப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கவேண்டும், அந்த நீல ஒயர் எதுக்குங்க என்று.